கிராஃபில் இருந்து படத்துக்கு: பாட்ஸ்பியோர்ட் மூன்றாய் உடைந்த கதை

கிராஃப் டேட்டாபேஸ் பற்றிக் கதைத்த எபிசோட்டுக்குப் பிறகு வந்த கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எல்லாத்தையும் நியோஃபோர்ஜேக்குள்ள போட்டாச்சு. இனி அதைக் கெஃபியிலயோ பவர் பிஐயிலயோ எப்படிப் பார்க்கிறது?" எக்ஸ்போர்ட் எங்க இருக்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனா நான் இதில் ஒருக்கா நல்லா அடிபட்டனான், அதனால அந்தக் கதையோடயே சொல்லுறன்.

என்ட அப்பா எண்பதுகளின் கடைசியில் பாட்ஸ்பியோர்டில் மீன் ஃபக்டரியில் நின்றவர், ஃபிலே வெட்டுற லைனில். ஒஸ்லோவில் வளர்ந்த உங்களில் பலருடைய வீட்டிலயும் இப்படி ஒரு ஃபின்மார்க் கதை இருக்கும். எங்கட தமிழ்ச் சங்கக் கூட்டம் ஒன்றில், அங்க வேலை செய்த பெரியாக்களுக்கு அந்தத் துறைமுகங்களைப் படமாகக் காட்டலாம் என்று நினைச்சன். நோர்வே மீன்வள இயக்குநரகம் 2000ஆம் ஆண்டிலிருந்து மீன் இறக்கின விபரத்தை வருஷ வாரியாக வெளியிடுது: எந்தப் படகு, எந்தக் கொம்யூன, எந்த மீன், எத்தனை கிலோ. படகு, உரிமையாளர், துறை, மீன் இனம் எல்லாம் நோட். "இறக்கியது", "சொந்தம்" என்பதெல்லாம் எட்ஜ். கிராஃபுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி டேட்டா.

உள்ளே போடும்போதே ஒரு சின்னத் தொல்லை. நோர்வேயில் சிஎஸ்வி கோப்பில் பத்திகளைப் பிரிக்கிறது பெரும்பாலும் அரைப்புள்ளி, தசமத்துக்குத்தான் கமா. இதைச் சொல்லாமல் விட்டால் பன்னிரண்டரைக் கிலோ நூற்றிருபத்தைந்தாகும், இல்லாட்டி வெறும் எழுத்தாகக் கிடக்கும். எழுத்துருக் குறியீடு பிழைச்சால் பாட்ஸ்பியோர்டின் இரண்டாவது எழுத்தே உடைந்துபோகும்.

சரி, வெளியே எடுக்கிறது. அபோக் என்ற துணைநூலகத்தில் கிராஃப்எம்எல்லாகவும் சிஎஸ்வியாகவும் எழுத வழி இருக்கு. கோப்பு எழுதுற அனுமதி முதலில் பூட்டித்தான் இருக்கும், செட்டிங்கில் திறந்துவிட வேணும். நான் முழுக் கிராஃபையும் அப்படியே கெஃபிக்குள் கொட்டினன். வந்தது இடியப்பம். கணினி காற்றாடி மட்டும் நல்லாச் சுத்திச்சு.

2016இல் பனாமா பேப்பர்ஸ் வந்தபோது பத்திரிகையாளர்கள் பார்த்ததும் நியோஃபோர்ஜேயில் இருந்த கிராஃபைத்தான், லிங்கூரியஸ் என்ற கருவியால். கசிந்தது 1 கோடியே 15 லட்சம் ஆவணம். அந்தக் கருவியின் பயனே, ஒரு பெயரில் தொடங்கி அதைச் சுற்றியுள்ளதை மட்டும் விரிச்சுக்கொண்டு போகலாம் என்பதுதான். எல்லாத்தையும் ஒரே திரையில் போட்டால் ஒன்றும் தெரியாது. அதனால முதலில் கேள்வியை முடிவெடுங்க. என்ட கேள்வி: எந்தப் படகு எந்தத் துறைக்கு வருஷம் எவ்வளவு கொண்டுவந்தது? அப்ப ஆயிரக்கணக்கான இறக்குச் சீட்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பத் தேவையில்லை. சைஃபர் குவெரியிலேயே கூட்டி, ஒரு படகுக்கும் ஒரு துறைக்கும் இடையில் வருஷத்துக்கு ஒரு கோடு, அதன் தடிப்பு கிலோ. பிறகு இரண்டு கோப்பு: நோட் பட்டியல், எட்ஜ் பட்டியல். கெஃபி இந்த இரண்டையும் அப்படியே வாங்கும். ஒரே சோடிக்குப் பல கோடு வந்தால் கூட்டவா, முதலாவதை மட்டும் வைக்கவா என்று இறக்கும்போது கேட்கும். வாசிக்காமல் ஓகே அமத்தாதீங்க.

நோட்டின் சாவியாக நியோஃபோர்ஜேயின் உள் எண்ணைக் குடுக்க வேண்டாம். ஒரு நோட்டை அழிச்சால் அந்த எண்ணை இன்னொன்றுக்குத் திரும்பப் பாவிக்கக்கூடும். கம்பெனிக்கு ஒன்பது இலக்கப் பதிவெண் இருக்கு, அதை எடுங்க. படகின் பக்கத்தில் எழுதியிருக்கிற பதிவெண் சரிவராது. அதில் ஊரின் எழுத்தும் இருக்கு, படகு வேறு ஊருக்கு விலைப்பட்டால் மாறிவிடும். இதெல்லாம் தெரிஞ்சிருந்தும், துறைக்கு நான் கொம்யூன எண்ணைச் சாவியாக வைச்சன். அங்கதான் பிழைச்சது.

படம் வடிவா வந்தது. கூட்டத்துக்கு முதல் கிழமை அப்பாவுக்குக் காட்டினன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கன நேரம் பார்த்தார்.

"தம்பி, பாட்ஸ்பியோர்ட் ஏன் இவ்வளவு சின்னனாக் கிடக்கு?"

"டேட்டா அப்படித்தான் சொல்லுது அப்பா."

"அப்ப நாங்கள் அங்க என்னத்தை வெட்டினனாங்கள்?"

ஃபின்மார்க்கை 2020 ஜனவரி 1இல் ட்ரொம்ஸோடு சேர்த்தார்கள்; 2024 ஜனவரி 1இல் திரும்பப் பிரித்தார்கள். ஒவ்வொரு முறையும் எண் மாறினது. பாட்ஸ்பியோர்ட் முதலில் 2028, பிறகு 5443, இப்ப 5632. என்ட கிராஃபில் அது மூன்று ஊர். பெயர்ப் பட்டியலை இன்றைய எண்களுக்கு மட்டும் எடுத்ததால், 2024க்குப் பிந்தின துண்டுக்கு மட்டும் பெயர் விழுந்தது. இருபது வருஷ மீன் பெயரில்லாத ஒரு புள்ளியில் கிடந்தது. இதைத்தான் அந்த மண்டபத்தில், அங்க குளிரில் நின்ற ஆக்களுக்கு முன்னால் போடப் போனன்.

இதை நான் ஏன் பிடிக்கேல்லை? சோதிச்சனான். கிராஃபில் மொத்தக் கிலோவைக் கூட்டி, கருவியில் வந்த மொத்தத்தோடு ஒப்பிட்டன்; சரியாக இருந்தது. இந்தச் சோதனை இரட்டிப்பைப் பிடிக்கும். உதாரணத்துக்கு மூன்று உரிமையாளர் உள்ள படகு பத்து தொன் கொட் மீன் இறக்கினால், பவர் பிஐக்கு ஒரே அட்டவணையாகத் தட்டையாக்கி அனுப்பும்போது அது மூன்று வரியாகி முப்பது தொன் ஆகும். மொத்தம் உடனே காட்டிக் குடுக்கும். (உரிமையாளர் அட்டவணையைத் தனியாக அனுப்பினால் அந்தப் பிரச்சினை இல்லை.) ஆனா ஒன்று மூன்றாய் உடைந்தால் மொத்தம் மாறாது. அதுக்கு நோட்டை எண்ண வேணும். ஃபின்மார்க்கில் இன்றைக்கு 18 கொம்யூன; அதிலும் கரசியோக், கவுதகெய்னு இரண்டும் உள்நாடு. என்ட படத்தில் அதைவிட எத்தனையோ புள்ளி. எண்ணியிருந்தால் அஞ்சு நிமிஷ வேலை.

திருத்தினது கிராஃபுக்குள்ளேதான். "இடம்" என்று எனக்குச் சொந்தமான சாவியோடு ஒரு நோட். அதிலிருந்து மூன்று எண்ணுக்கும் "எப்போது முதல், எப்போது வரை" என்ற தேதியோடு கோடு. வெளியே அனுப்புற குவெரி எண்ணை விட்டு இடத்தைப் பிடிச்சுக் கூட்டும். எதிர்ப் பக்கமும் வரும்: க்வால்சுண்ட் 2020இல் ஹாமர்ஃபெஸ்டோடு சேர்ந்தது, அங்க இரண்டு எண் ஒரு இடத்துக்குப் போகும். தட்டையான அட்டவணையாக வெளியே வந்த பிறகு இதைச் செய்யப் போனால் மண்டை காயும்.

ஆக்களுக்கும் இதே கதைதான். அப்பாவின் பெயர் உங்கட குடும்பப் பெயராக மாறி, ஒரு பதிவில் முன்னுக்கும் இன்னொன்றில் பின்னுக்கும் நிக்கிற அனுபவம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அங்கே நீங்க இரண்டு புள்ளி.

திருத்தின படத்தைப் பார்த்த அப்பாவுக்குத் திருப்தி. பிறகு அந்தப் பெரிய புள்ளியில் விரலை வைச்சு, "இதில நான் நிண்ட ஃபக்டரி எது?" என்றார். கொம்யூன அளவில் கூட்டினதால அது உள்ளுக்குள் அடங்கிக் கிடக்கு. மீன் வாங்கின நிலையம் வரை எப்படி உடைக்கிறது என்று அடுத்த எபிசோட்டில் கதைப்பம்.