புது மாத்திரையும் பழைய வயிறும்

மூட்டு வலியும் கேஸ்ட்ரிக்கும் சேர்ந்தே இருப்பவர்களுக்கு மருந்து அமைவது லேசான காரியமில்லை. முழங்கால் தேய்மானத்துக்கு நான் சாப்பிட்டுவந்த டைக்ளோஃபினாக் வலியைக் குறைத்தது; வயிற்றைப் பதம் பார்த்தது. குளுவாங்கில் நான் பார்க்கும் டாக்டர் அதை நிறுத்திவிட்டு எட்டோரிகாக்சிப் எழுதிக் கொடுத்தார். எரிச்சல் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனாலும், எரியவில்லை என்பதை மட்டும் வைத்து வயிறு பத்திரமாக இருக்கிறது என்று நான் முடிவு கட்டுவதில்லை. வலி மாத்திரையால் வரும் புண், வயதானவர்களிடம் முக்கியமாக, எந்த வலியும் காட்டாமல் இருந்து திடீரென்று இரத்தக் கசிவாக வெளிப்படலாம்.

சோறு சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். ஊசியாகப் போட்டால் வயிற்றுக்குப் போகாது என்று கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் கெடுதலில் பெரும்பகுதி இரத்தத்தின் வழியாகத்தான் நடக்கிறது. வயிற்றின் உட்சுவரைக் காக்கும் சளிப் படலத்துக்குப் புரோஸ்டாகிளாண்டின் தேவை. மூட்டில் வீக்கத்தையும் வலியையும் கூட்டுவதும் அதே இனப் பொருள்தான். ஆஸ்பிரின் அதன் உற்பத்தியைத் தடுக்கிறது என்று ஜான் வேன் 1971இல் கண்டறிந்தார். பழைய மாத்திரைகள் மூட்டு, வயிறு இரண்டிலும் அந்த உற்பத்தியைத் தடுக்கின்றன. எட்டோரிகாக்சிப், செலிகாக்சிப் போன்றவை, அதை உண்டாக்கும் நொதிகளில் வீக்கத்தோடு தொடர்புள்ள காக்ஸ்-2ஐக் குறிவைத்து, வயிற்றுக்கு வேண்டிய காக்ஸ்-1ஐப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. ஆபத்து குறைகிறது, மறைந்துவிடுவதில்லை.

வயிற்றுக்கு இதமானது இதயத்துக்கும் இதமாக இருக்கும் என்று எண்ணக் கூடாது. இதே வகையைச் சேர்ந்த ரோஃபிகாக்சிப், மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுவது தெரிந்ததால் 2004இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. அதனால்தான் டாக்டர் முதலில் என் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார். தொடர்ந்து 140/90க்கு மேல் இருந்து கட்டுக்குள் வராதவர்களுக்கு எட்டோரிகாக்சிப் கொடுக்க மாட்டார்கள். இப்போதும் வீட்டில் அழுத்தத்தை அளந்து குறித்து வைக்கிறேன். கணுக்கால் வீங்குகிறதா என்றும் பார்க்கிறேன்.

டாக்டரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இதயத்துக்காகத் தினமும் சிறு அளவு ஆஸ்பிரின் சாப்பிட்டால், புது மாத்திரை வயிற்றுக்குத் தரும் அனுகூலம் பெருமளவு போய்விடும். பிரஷர் மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் இதோடு சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காமல் போகலாம். நம் வீடுகளில் பல்வலிக்கும் மாதவிடாய் வலிக்கும் எடுக்கிற பொன்ஸ்டானும் இதே குடும்பம்தான். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். பனடோல் வேறு வகை.

ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கும் ஒரு பரிசோதனை கேளுங்கள். வயிற்றுப் புண்ணுக்குப் பெரிய காரணம் அது. மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அது அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிருமி இருக்கும்போது வலி மாத்திரையும் சேர்ந்தால் புண் வரும் வாய்ப்பு கூடும். இதை நம் ஆட்கள் யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய கவலை.

வயிற்றுக்காகக் கொடுத்த ஒமெப்ரசோலைக் காலைப் பசியாறலுக்கு அரை மணி நேரம் முன்பு போடுகிறேன். கோப்பியெல்லாம் அதற்குப் பிறகுதான். மலம் தார்போல் கறுத்தாலோ, வாந்தி கோப்பித் தூள் போல் வந்தாலோ, காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். எதனால் என்பதை டாக்டர் சொல்லட்டும். வாந்திபேதி வந்து உடம்பில் நீர் வற்றும் நாட்களில் வலி மாத்திரையை நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. பாசார் மாலாமில் 'வயிற்றைத் தொடாத மூலிகை' என்று விற்கும் மூட்டுவலி ஜாமுவை வாங்காதீர்கள். அப்படிப்பட்ட பொருள்கள் பலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பதிவு பெற்ற மருந்தில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண் இருக்கும். ஏற்கெனவே நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. போத்தலோடு டாக்டரிடம் போங்கள்.

வலி அதிகமுள்ள நாட்களில் மட்டும், எழுதிக் கொடுத்த அளவில், மாத்திரை எடுக்கிறேன். மற்ற நாட்களில் முழங்காலுக்கு ஜெல் தடவி, தொடைத் தசைக்கான பயிற்சி செய்கிறேன். அடுத்த முறை போகும்போது சிறுநீரக இரத்தப் பரிசோதனை இருக்கிறது.