கைக்கு வேலை, மனதுக்கு நிறைவு: பணி ஓய்வுக்குப் பின் நலமாக வாழ ஒரு பாடம்

பணி ஓய்வு பெற்ற முதல் திங்கட்கிழமை. கடிகாரம் அடிக்காமலே ஐந்தரை மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. குளித்து, சாமி கும்பிட்டு, பசியாறி முடித்தாலும் மணி ஏழரைதான். வீட்டில் மற்றவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பிவிட்டார்கள். "இனி நாள் முழுவதும் என்ன செய்வது?" என்ற கேள்வி அன்றுதான் முதன்முதலாக எழுகிறது.

மலேசியாவில் தனியார் துறையினருக்கான குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலை 1 முதல் 60 ஆகும். அறுபதுக்குப் பிறகும் பலருக்கு பதினைந்து, இருபது ஆண்டு வாழ்க்கை மீதம் இருக்கிறது. சேமநிதிப் பணத்தைப் பற்றி முன்கூட்டியே யோசிக்கும் நாம், இத்தனை ஆண்டுகளின் பொழுதைப் பற்றி யோசிப்பதில்லை. பின்னல் வேலை, வீட்டு ஊறுகாய், பினாங்கில் செலவில்லாமல் கிடைக்கும் சின்னச் சின்ன இன்பங்கள் ஆகியவற்றைக் கொண்டு அந்தப் பொழுதை உடலுக்கும் மனதுக்கும் நலமாக அமைத்துக்கொள்வது எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. வேலை நமக்குக் கொடுத்தது சம்பளம் மட்டுமல்ல

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது. அங்குள்ள தொழிற்சாலைகளில் கண்ணுக்கே தெரியாத சிறு பாகங்களைப் பொருத்திப் பல ஆண்டுகள் உழைத்த பெண்கள் பலர் இன்று பாட்டிமார்கள். துறைமுகத்திலும், ரயில்வேயிலும், பள்ளிகளிலும், மருத்துவமனைகளிலும் உழைத்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். வேலை இவர்களுக்கு நான்கு நன்மைகளைச் சேர்த்துக் கொடுத்தது: நாளுக்கு ஓர் ஒழுங்கு, பேசிப் பழக மனிதர்கள், உடலுக்கு அசைவு, "நான் ஒருவருக்குப் பயன்படுகிறேன்" என்ற நிறைவு.

ஓய்வு பெறும் நாளில் இந்த நான்கும் ஒன்றாக நின்றுவிடுகின்றன. அதனால்தான் ஓய்வை ஆசையோடு எதிர்பார்த்தவர்கள்கூட ஆறு மாதத்தில் சோர்ந்துபோகிறார்கள். நாள் முழுவதும் தொலைக்காட்சி முன் உட்காருவதால் எடை கூடுகிறது, தூக்கம் கெடுகிறது, மாத்திரை சாப்பிடும் நேரமும் தவறிப்போகிறது. எனவே எந்தப் பொழுதுபோக்கைத் தேர்ந்தெடுத்தாலும், "இது எனக்கு அந்த நான்கில் எதைத் திருப்பித் தருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள்.

2. பின்னல் வேலை

வாசலில் தொங்கும் கம்பளி நூல் தோரணத்தையும், சந்தைக்கு எடுத்துப்போன ஒயர் கூடையையும் மறந்திருக்க மாட்டீர்கள். பலருக்குப் பள்ளியிலோ தாயிடமோ பழகிய கை இது. இரண்டு ஊசிகளால் பின்னினாலும், ஒரே கொக்கியால் குரோஷே போட்டாலும், ஒயர் முடைந்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். விரல்கள் அசைகின்றன, எண்ணிக்கையில் கவனம் நிற்கிறது, ஒரே சீரான அசைவில் மனம் அமைதியடைகிறது.

பின்னல் போடுகிற 3,500க்கும் மேற்பட்டவர்களிடம் பல நாடுகளில் எடுத்த கருத்தாய்வு ஒன்று 2013இல் பிரிட்டிஷ் தொழில்வழிச் சிகிச்சை இதழில் வெளிவந்தது. அடிக்கடி பின்னுபவர்கள் அமைதியும் மகிழ்ச்சியும் கூடுவதாகச் சொன்னார்கள். இது அவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னது; பின்னல் எந்த நோயையும் குணப்படுத்தும் என்று இதற்குப் பொருள் இல்லை. மருந்தோடு சேர்ந்த ஒரு நல்ல பழக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு:
• நம் ஊர் வெயிலுக்குக் கம்பளியைவிடப் பருத்தி நூல் நல்லது. வெளிர் நிற நூலாக எடுத்தால் கண்ணிகள் தெளிவாகத் தெரியும்.
• 4 அல்லது 5 மில்லிமீட்டர் கொக்கி போதும். விரல் மூட்டு வலி உள்ளவர்கள் தடித்த கைப்பிடி உள்ளதை வாங்கலாம்.
• முதலில் பாத்திரம் துடைக்கும் துணி ஒன்று பின்னுங்கள். 30 சங்கிலிக் கண்ணி போட்டுத் திரும்பி, வரிசை வரிசையாக ஒற்றைப் பின்னல் போட்டுச் சதுரமானதும் முடித்துவிடலாம். தவறு வந்தால் இழுத்துப் பிரித்து மீண்டும் போடலாம். நூல் வீணாகாது.
• அடுத்து பேரப்பிள்ளைக்குத் தொப்பி, தீபாவளிக்கு வாசல் தோரணம் என்று ஒருவருக்குக் கொடுப்பதற்காகப் பின்னுங்கள். யாருக்கு என்று தெரிந்தால்தான் கை ஓடும்.

கவனிக்க வேண்டியவை:
• 20 முதல் 30 நிமிடத்திற்கு ஒருமுறை எழுந்து நடங்கள். விரல்களை விரித்து மூடி, மணிக்கட்டையும் தோளையும் மெல்லச் சுழற்றுங்கள்.
• முதுகு சாய்ந்திருக்க, பாதம் தரையில் படிய, வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து கைவேலையின்மீது விழும்படி உட்காருங்கள்.
• இரவில் கை மரத்துப்போவது, மடக்கிய விரல் நிமிராமல் மாட்டிக்கொள்வது ஆகியவை நீரிழிவு உள்ளவர்களுக்கு அதிகம் வரும். வந்தால் பின்னலை நிறுத்திக் கிளினிக்கில் காட்டுங்கள்.
• நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவருக்கு ஊசி குத்தினாலும் தெரியாது. ஊசிகளை எண்ணி டப்பாவில் வைத்து மூடுங்கள். தரையில் நூல் கிடந்தால் கால் தடுக்கி விழவும் நேரும்.
• கண்ணி மங்கலாகத் தெரிந்தால் வயது என்று விட்டுவிடாதீர்கள். அது கண்புரையாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இது பெண்கள் வேலை என்று ஐயாமார்கள் ஒதுங்க வேண்டாம். வலை பின்னுவதும் கூடை முடைவதும் ஆண்களின் கைத்தொழிலாகவும் இருந்தவைதான்.

3. வீட்டு ஊறுகாய்: சுவையும் உப்பும்

பினாங்கு என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு ஜாதிக்காய் ஊறலும் சௌராஸ்தா மார்க்கெட்டும் நினைவுக்கு வரும். பாலிக் புலாவில் விளையும் ஜாதிக்காயின் சதையைத்தான் சர்க்கரையிலும் உப்பிலும் ஊறவைத்து விற்கிறார்கள். நம் வீடுகளிலோ எலுமிச்சை, மாங்காய், நார்த்தங்காய், மோர் மிளகாய். காய் வாங்கப் போவது, நறுக்குவது, வெயிலில் வைத்து எடுப்பது, பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுப்பது எல்லாமே நல்ல வேலைகள். ஜாதிக்கொட்டைத் தூளை மட்டும் மருந்து என்று சொல்லி அள்ளிச் சாப்பிடாதீர்கள். அளவு மீறினால் அது நஞ்சாகும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஊறுகாயைக் கெடாமல் காப்பது உப்பு. அந்த உப்பே இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி போதும். மலேசியப் பெரியவர்கள் சராசரியாக 7.9 கிராம் சாப்பிடுவதாக 2017-2018இல் எடுக்கப்பட்ட ஆய்வு காட்டியது. சர்க்கரையில் ஊறிய காய்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே இது இன்னும் அதிகம்.

"அப்படியானால் பாட்டி சொன்ன அளவில் உப்பைப் பாதியாகக் குறைத்துவிடலாமா?" என்று கேட்பீர்கள். வெளியில் வைக்கும் ஊறுகாயில் அப்படிச் செய்யாதீர்கள். உப்பும் புளிப்பும் குறைந்தால் கிருமி வளரும். பாதுகாப்பான வழிகள் இரண்டு:

அ) பழைய முறையில் செய்வதானால் முழு உப்போடு சிறிய அளவில் செய்யுங்கள். தட்டில் வைப்பதை அரைத் தேக்கரண்டியாகக் குறையுங்கள். ஊறுகாய் வைக்கும் நாளில் அப்பளம், கருவாடு, சோயா சாஸ் வேண்டாம்.

ஆ) உப்பு குறைந்த ஊறுகாயைப் புளிக்காடியில் செய்து குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி ஊறுகாய்: ஒரு வெள்ளரிக்காய், ஒரு கேரட், பத்துச் சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய் ஆகியவற்றைக் கழுவி நறுக்குங்கள். அரைக் கோப்பைப் புளிக்காடி (புளிப்பு 5 விழுக்காடு என்று போத்தலில் எழுதியிருக்க வேண்டும்), அரைக் கோப்பைத் தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, கொஞ்சம் மஞ்சள், கடுகு ஆகியவற்றைக் கொதிக்கவைத்துக் காய்களின்மேல் ஊற்றுங்கள். ஆறியதும் மூடி உள்ளே வையுங்கள். மறுநாள் முதல் சாப்பிடலாம். ஒரு வாரத்திற்குள் முடித்துவிடுங்கள். இதில் உள்ள உப்பு மொத்தமே இரண்டரை கிராம்தான். ஒருவரே ஏழு நாளில் சாப்பிட்டாலும் நாளுக்கு அரை கிராம்கூட வராது.

எல்லா ஊறுகாய்க்கும் பொதுவான விதிகள்:
• கண்ணாடிப் போத்தலைத் தண்ணீரில் மூழ்கவைத்து 10 நிமிடம் கொதிக்கவிட்டு, நன்றாக உலரவிடுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் புளிப்பு சேர்ந்தவற்றை வைக்காதீர்கள்.
• எப்போதும் உலர்ந்த கரண்டி. ஈரம் பட்டால் பூஞ்சை வரும்.
• பூஞ்சை தெரிந்தால் மேலே மட்டும் வழித்துவிட்டு மீதியைச் சாப்பிடக்கூடாது. முழுவதையும் கொட்டிவிடுங்கள். மூடி உப்பியிருந்தாலும், நுரைத்தாலும், நாற்றம் மாறினாலும் சுவைத்துப் பார்க்கவே வேண்டாம்.
• பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத அந்த எண்ணெயில் நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் முடியுங்கள்.
• செய்த தேதியை எழுதி ஒட்டுங்கள்.
• சிறுநீரக நோய், இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் எவ்வளவு ஊறுகாய் சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். செய்கிற இன்பம் உங்களுக்கு, சாப்பிடுவது மற்றவர்களுக்கு என்று வைத்துக்கொண்டாலும் குறைவில்லை.

4. செலவில்லாத இன்பங்கள்

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஈடாக நடையும் வேண்டும். வாரத்திற்கு 150 நிமிடம், அதாவது வாரத்தில் ஐந்து நாள் 30 நிமிட நடை போதுமானது. பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுதான் சரியான வேகம்.

நடக்க நம் ஊரில் இடத்திற்குப் பஞ்சமில்லை. 1884இல் அமைந்த தாவரவியல் பூங்கா, கர்னி கடற்கரை, பாடாங் கோத்தா திடல் எல்லாம் இருக்கின்றன. ஜார்ஜ் டவுன் நகருக்குள் இலவச சிஏடி பேருந்து ஓடுகிறது. அதில் ஏறி லிட்டல் இந்தியாவில் இறங்கி, குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போய், ஒரு நண்பரோடு தேநீர் குடித்துத் திரும்பினால் அரை நாள் நன்றாகப் போகும். தேநீரைச் சீனி குறைத்துக் கேளுங்கள். தண்ணீர்மலைப் படிகள் ஐந்நூறுக்கும் மேல். முழங்கால் வலியோ நெஞ்சு இறுக்கமோ இருந்தால், "போன வருடம் ஏறினேனே" என்று வீம்பு வேண்டாம். அடிவாரத்திலும் அதே முருகனை வணங்கலாம்.

தனியாகப் பின்னுவதைவிட நான்கு பேர் சேர்ந்து பின்னுவது நல்லது. சமூக நல இலாகாவின் கீழ் இயங்கும் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்களில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் சேரலாம். சுகாதார கிளினிக்குகளிலும் மூத்த குடிமக்கள் குழுக்கள் இருக்கின்றன. உங்கள் வட்டாரத்தில் எங்கே என்று அடுத்த முறை கிளினிக் போகும்போது கேளுங்கள்.

5. வெறும் சலிப்பா, மனச்சோர்வு நோயா?

ஓய்வு பெற்ற பிறகு சில நாள் சலிப்பு வருவது இயல்பு. ஆனால் கீழே உள்ளவை இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் சுகாதார கிளினிக்கிற்குச் செல்லுங்கள்:
• முன்பு பிடித்த வேலையைத் தொடவே மனம் வராமை
• விடியுமுன் விழித்துக்கொண்டு கவலைப்படுதல், அல்லது எந்நேரமும் தூக்கம்
• பசியின்மை, எடை குறைதல்
• "நான் எல்லாருக்கும் பாரம்" என்ற எண்ணம்

துணையை இழந்தவர்கள் இதில் கூடுதல் கவனம் பெற வேண்டும். மனச்சோர்வு சிகிச்சையால் தீரக்கூடிய நோய். இது பலவீனமும் அல்ல, வெட்கப்பட வேண்டியதும் அல்ல. பேச ஆள் வேண்டுமென்றால் ஹீல் தொலைபேசிச் சேவை 15555, தாலியான் காசே 15999. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் உடனே வீட்டாரிடம் சொல்லி, 999ஐ அழையுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்: "உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம், சும்மா உட்காருங்க" என்று அன்பினால்தான் சொல்கிறீர்கள். ஆனால் சும்மா உட்காருவதே அவர்களை வாட்டுகிறது. நூல் வாங்கிக் கொடுங்கள், போத்தல் மூடியைத் திறந்து கொடுங்கள், அவர்கள் பின்னியதைப் பயன்படுத்துங்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர்களிடம் இருந்தால், வாரத்தில் ஒரு நாளாவது அவர்களுக்கென்று விடுங்கள்.

6. இந்த வாரமே தொடங்க

திங்கள், புதன், வெள்ளி: காலை நடை, பிறகு அரை மணி நேரம் பின்னல்.
செவ்வாய்: சந்தை. ஒரு புதுக் காய் வாங்கிச் சின்னப் போத்தல் ஊறுகாய்.
வியாழன்: பழைய சக ஊழியர் ஒருவருக்குப் போன். முடிந்தால் நேரில் சந்திப்பு.
சனி: நடை, வீட்டு வேலை, பேரப்பிள்ளைகள்.
ஞாயிறு: கோயில், தேவாலயம் அல்லது மையம். போகும் வழியில் நடை. செய்ததில் ஒன்றை யாருக்காவது கொடுங்கள்.

படித்ததைச் சோதித்துப் பாருங்கள்

1. வேலை தந்த நான்கு நன்மைகள் எவை? அவற்றில் இப்போது உங்களுக்குக் குறைவது எது?
2. வெளியில் வைக்கும் ஊறுகாயில் உப்பை ஏன் குறைக்கக்கூடாது? பிறகு எதைக் குறைக்க வேண்டும்?
3. பின்னும்போது எத்தனை நிமிடத்திற்கு ஒருமுறை எழ வேண்டும்?
4. எத்தனை நாள் நீடித்தால் சலிப்பைக் கிளினிக்கில் சொல்ல வேண்டும்?

விடைகளை வீட்டில் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். பிறகு இந்த ஏட்டை அலமாரியில் வைக்காமல், அடுத்து ஓய்வு பெறப்போகும் நண்பரிடம் கொடுங்கள்.