நாமும் நாங்களும்

ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு 'வீ' என்ற ஒரு சொல்தான் உண்டு. 'வீ ஆர் கோயிங் டு டவுன்' என்று தோழி சொன்னால் நானும் புறப்பட வேண்டுமா, அவளும் அவளது வீட்டாரும் மட்டும் போகிறார்களா என்பது அந்த வாக்கியத்தில் தெரியாது. இந்த மயக்கம் தீர ஆங்கிலத்துக்குப் புதிய சொல் செய்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். பப்புவா நியூ கினி மக்கள் அதைச் செய்தே விட்டார்கள். ஆங்கிலச் சொற்களிலிருந்து வளர்ந்த அவர்களின் டோக் பிசின் மொழியில், கேட்பவரும் சேர்ந்தால் 'யூமி', சேராவிட்டால் 'மிபெலா'. 'யூ', 'மீ' இரண்டையும் ஒட்டியதே யூமி.

தமிழுக்கு அந்த வேலை இல்லை. கேட்பவரையும் உளப்படுத்துவது 'நாம்'. அவரை நீக்கிச் சொல்வது 'நாங்கள்'. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் இவ்விரு பன்மைகளையும் எடுத்து ஆராய்ந்தார்.

அரபியில் முன்னிலைக்கு நுணுக்கம் அதிகம்: இருவருக்கு 'அன்துமா', ஆண்கள் பலருக்கு 'அன்தும்', பெண்கள் பலருக்கு 'அன்துன்ன'. தன்மைப் பன்மைக்கோ 'நஹ்னு' ஒன்றே. ஆகவே தமிழாக்கும்போது தெரிவு நம்முடையது. துஆவில் வரும் 'ரப்பனா' என்பதை 'எங்கள் இறைவனே' என்கிறோம். அங்கே கேட்பவன் அல்லாஹ். 'நம் இறைவனே' என்றால் அவனுக்கும் ஓர் இறைவன் இருப்பதாகப் பொருள் வந்துவிடும். அதே இறைவனைப் பற்றிப் பயானில் மக்களிடம் பேசும்போது 'நம் இறைவன்' என்பதே பொருந்தும்.

இந்த வேறுபாடு ஊர் வாழ்விலும் உண்டு. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதை அயலூர்த் தமிழரிடம் சொல்லும் பெரியவர், 'நாங்கள் புத்தளம் போனோம்' என்பது சரி. அந்தப் பயணத்தில் கேட்பவர் இல்லை. மீண்டு வந்து வாழும் இடத்தைப் பற்றி அவரிடமே பேசும்போது 'எங்கள் தீவு' என்பதா, 'நம் தீவு' என்பதா? முதலாவது அவரை வெளியே நிறுத்தும். இரண்டாவது உள்ளே அழைக்கும். ஆங்கிலத்தில் இக்கேள்வி எழாமலே பேசிவிடலாம். தமிழில் வாய் திறக்கும்போதே பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் பேச்சில் இந்த எல்லை அழிந்து வருகிறது. ஓலைத்தொடுவாயில் எங்கள் வீட்டிலும் எல்லாவற்றுக்கும் 'நாங்க' தான். பேச்சு அதன் வழியில் போகட்டும். எழுத்திலாவது இதைக் காப்போம். தோழியரே, கட்டுரையில் 'நாங்கள்' என்று எழுதியதும், வாசிப்பவரும் அதில் சேர்வாரா என்று ஒருமுறை பாருங்கள். சேர்வாரென்றால் 'நாம்' என்று திருத்திவிடுங்கள்.