இருட்டிய பிறகும் சோலார் ஓடுமா?

கே: மாடியில் சோலார் போட்டு, கூடவே ஒரு மானிட்டரும் மாட்டினோம். ராத்திரியிலும் சோலாரிலிருந்து நூறு வாட்டுக்கு மேல் வருவதாகக் காட்டுகிறது. ஈபி மீட்டரோடும் கணக்கு ஒத்துப்போகவில்லை. மின்சாரத்தை அளக்கும் முறை எப்படி வந்தது? கோளாறு எங்கே?
– வாசகி, திருப்பூர்

ப: உங்கள் இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான்.

1882-ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் தொடங்கிய எடிசன், வீடுகளில் வைத்த மீட்டரில் முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. துத்தநாகத் தகடுகள் அமிழ்ந்த கண்ணாடிச் சாடிதான் மீட்டர். வீட்டுக்குப் போகும் மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கு அதன் வழியே பாயும். ஒரு தகட்டில் துத்தநாகம் கரைந்து மற்றதில் படியும். கம்பெனி ஆட்கள் தகடுகளைக் கழற்றிக்கொண்டு போய், தராசில் நிறுத்து பில் போட்டார்கள். அது அளந்தது மின்னோட்டத்தை மட்டுமே. அன்று கொடுத்தது நேர்திசை மின்சாரம். வோல்டேஜும் பெரிதாக மாறாது. ஆகவே அதுவே போதுமானதாக இருந்தது.

மாறுதிசை மின்சாரம் வந்ததும் அந்தக் கணக்கு உடைந்தது. இதில் வோல்டேஜும் ஆம்பியரும் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும் என்பதில்லை. ஒன்று முந்தலாம், ஒன்று பிந்தலாம். அப்படி விலகினால் ஆம்பியர் தெரியும், உண்மையான வாட் குறைவாக இருக்கும். 1889-ல் ஹங்கேரியின் கான்ஸ் தொழிற்சாலையில் ஓட்டோ பிளாத்தி உருவாக்கிய மீட்டர் இரண்டையும் சேர்த்தே கணக்கில் எடுத்தது. வோல்டேஜுக்கு ஒரு சுருள், ஆம்பியருக்கு ஒரு சுருள், நடுவே சுழலும் தகடு. நம் வீடுகளில் நெடுநாள் சுற்றிக்கொண்டிருந்த ஈபி மீட்டர் அந்த வம்சம்தான்.

விலை குறைந்த பல மானிட்டர்கள் இன்னும் எடிசன் காலத்திலேயே நிற்கின்றன. கம்பியைக் கவ்வும் சி.டி. கிளாம்ப் ஆம்பியரை மட்டும் அளக்கிறது. மானிட்டர் வோல்டேஜை 230 என்று வைத்துப் பெருக்கிவிடுகிறது. ராத்திரியில் இன்வெர்ட்டரிலுள்ள கெப்பாசிட்டர்கள் அரை ஆம்பியர் இழுத்தால் திரையில் 115 வாட் தெரியும். ஆனால் அது பெரும்பாலும் போய்த் திரும்பும் மின்னோட்டம், உற்பத்தியே இல்லை. வோல்டேஜையும் நேரடியாக அளக்கும் மானிட்டர் வாங்குவதுதான் சரியான தீர்வு.

அப்படி வாங்கியும் பொருந்தவில்லையென்றால் மாட்டிய விதத்தைப் பாருங்கள். கிளாம்ப் ஒரு கம்பியை மட்டுமே கவ்வ வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்தால் பூஜ்யம் காட்டும். அதன் வாய் முழுக்க மூடாவிட்டால் அளவு குறையும். அம்புக்குறி திரும்பியிருந்தால் வரவு செலவாகிவிடும். மூன்று ஃபேஸ் வீட்டில் ஒவ்வொரு கிளாம்பும் தன் ஃபேஸின் வோல்டேஜோடுதான் சேர வேண்டும். இந்தத் தவறுதான் கண்ணில் படாமல் நெடுநாள் இருந்துவிடும்.

சரிபார்க்க ஒரு மாதக் கணக்கு போதும். சோலார் உற்பத்தியோடு ஈபியிலிருந்து வாங்கியதைக் கூட்டி, ஈபிக்குக் கொடுத்ததைக் கழியுங்கள். அதுதான் வீட்டின் செலவு. ஈபியின் நெட் மீட்டர் காட்டுவது வாங்கியதையும் கொடுத்ததையும் மட்டுமே. அதை மொத்தச் செலவு என்று எடுத்துக்கொண்டால் எந்த மானிட்டரும் தப்பாகவே தெரியும்.

மின்பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம். உரிமம் பெற்ற வயர்மேனை அழையுங்கள்.