தொண்டை வலியும் இருதயமும்

தோழியரே, தொண்டை வலி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிக்கிறோம். மிளகுக் கஷாயம் குடிக்கிறோம். இரண்டு நாளைக்கு விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் வகுப்புக்கு வந்துவிடுகிறோம். பெரும்பாலும் அது அத்துடன் போய்விடும். ஆனால் ஒரு சிலருக்கு, அதிலும் 5 வயது முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, தொண்டையில் தொடங்கியது இருதயத்தில் போய் முடிவதுண்டு.

1925-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் லண்டன் மருத்துவமனையில் ஹென்றி சூட்டர் என்னும் அறுவை மருத்துவர் ஒரு சிறுமியின் மார்பைத் திறந்தார். அவளுக்கு வயது 15. நம்மில் பலருடைய வயதுதான். இருதயத்தின் இடப்பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. அதை மிட்ரல் வால்வு என்பர். அவளுக்கு அந்தக் கதவு சுருங்கிக் கெட்டிருந்தது. துடித்துக்கொண்டிருந்த இருதயத்தின் மேலறை ஓரத்தில் சிறு துளையிட்டுச் சூட்டர் தம் சுட்டுவிரலை உள்ளே நுழைத்தார். கண்ணால் காண வழியில்லை. தொடு உணர்ச்சி ஒன்றே துணை. விரலாலேயே வால்வை விரித்துவிட்டார். சிறுமி பிழைத்தாள், மேலும் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தாள். ஆயினும் அதன்பின் இத்தகைய நோயாளி ஒருவரைக்கூட எந்த மருத்துவரும் சூட்டரிடம் அனுப்பவில்லை. கெட்டது வால்வு அன்று, இருதயத் தசையே என்று அக்காலப் பெரியவர்கள் நம்பினார்கள்.

அந்த வால்வு ஏன் கெட்டது? ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா, மணிமாலை போலக் கோத்து நிற்பது, தொண்டையில் குடியேறுகிறது. இதைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதிக்கு ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கு நன்றி சொல்லவேண்டும். பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்து பின் ஆராய்ச்சிக்கு வந்தவர். நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிலையத்தில் 1918-இல் சேர்ந்து, ஏறத்தாழ 60 ஆண்டுகள் இந்த ஒரு கிருமியையே ஆராய்ந்தார். மனிதரின் தொண்டையைத் தாக்குவது ‘ஏ’ பிரிவு என்று வகுத்துக் காட்டினார். அதன் மேற்புறத்தில் ‘எம்’ என்னும் புரதம் இருப்பதையும், அதுவே நம் வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கிவிடாதபடி காக்கும் கவசம் என்பதையும் கண்டவரும் அவரே.

உடலும் சும்மா இருப்பதில்லை. அந்தக் கவசத்தை அடையாளம் வைத்து எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. இங்கேதான் வினை. கிருமியின் புரதத்தில் சில பகுதிகள் நம் இருதயத் தசைப் புரதத்தை ஒத்திருக்கின்றன. திருடனைப் பிடிக்க வந்த காவலர், அதே சட்டை போட்ட வீட்டுக்காரரை அடிப்பது போலத்தான் இதுவும். கிருமியைத் தாக்க எழுந்த படை இருதயத்தையும் தாக்குகிறது. தொண்டை வலி தீர்ந்து இரண்டு மூன்று வாரங்கள் ஆனபின், எல்லாரும் அதை மறந்திருக்கும்போது, காய்ச்சல் வரும். முழங்கால், கணுக்கால் என்று வீக்கம் இடம் மாறும். இதுவே ருமாட்டிக் காய்ச்சல். சிலருக்குக் கைகால்கள் தாமாகவே துள்ளும். சூட்டரிடம் வந்த சிறுமிக்கும் முன்பே அந்தத் துள்ளல் நோய் வந்திருந்தது. மூட்டு வீக்கம் வடு இல்லாமல் ஆறிவிடும். வால்வு அப்படி ஆறுவதில்லை. அதன் இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒட்டிக்கொள்ளும். 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கவேண்டிய வழி 1 சதுர சென்டிமீட்டராகக் குறுகுவதுண்டு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது அப்போதுதான் தெரியவரும்.

சூட்டர் செய்ததை 1948-இல் அமெரிக்காவில் சார்லஸ் பெய்லியும் டுவைட் ஹார்க்கெனும் மறுபடி செய்து வெற்றி கண்டனர். 1953-இல், அதுவும் மே 6-ஆம் நாளிலேயே (நாள் பொருத்தத்தைப் பாருங்கள்), ஜான் கிப்பன் தாம் உருவாக்கிய இருதய-நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு இருதயத்துக்குள் கண்ணால் பார்த்தே அறுவை செய்தார். 1960-இல் ஆல்பர்ட் ஸ்டார், லோவல் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளருடன் சேர்ந்து செய்த வால்வைப் பொருத்தினார். கம்பிக் கூட்டுக்குள் ஒரு பந்து, அவ்வளவுதான். நம் நாட்டில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் தானே உருவாக்கிய வால்வை 1990-இல் முதன்முதலாகப் பொருத்தியது.

இத்தனை பெரிய வேலையைத் தவிர்க்கும் மருந்து பெனிசிலின். இந்தக் கிருமியால் வந்த தொண்டைப் புண்ணுக்கு ஒன்பது நாள்களுக்குள் அதைத் தொடங்கினால் ருமாட்டிக் காய்ச்சல் பெரும்பாலும் வராது. மாத்திரையானால் பத்து நாள் முழுவதும் விழுங்கவேண்டும். மூன்றாம் நாளே வலி போய்விடுவதால் மீதி மாத்திரைகள் அலமாரியில் கிடக்கும். எங்கள் வீட்டிலும் கிடந்தன! ஒருமுறை இக்காய்ச்சல் வந்தவர்களுக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, பல ஆண்டுகள், பெனிசிலின் ஊசி போடுவார்கள். வலிக்கும் ஊசி அது. ஆனால் ஒவ்வொரு புதிய தொற்றும் வால்வை மேலும் கெடுக்குமாதலால் இடையில் நிறுத்தலாகாது.

தடுப்பூசி ஒன்று கண்டுபிடித்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். ‘எம்’ புரதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகைக்கு எதிராக உடல் பெற்ற வலிமை மற்றொரு வகைக்கு உதவாது. இதையும் லான்ஸ்ஃபீல்டே காட்டினார். இன்னோர் அச்சமும் உண்டு. அந்தப் புரதத்தையே ஊசியில் ஏற்றினால், அதுவே இருதயத்தின் மேல் படையை ஏவிவிடலாம். ஆகவே இருதயத்தை ஒத்திராத பகுதிகளை மட்டும் பொறுக்கி எடுத்துத் தடுப்பூசி செய்ய ஆராய்ச்சியாளர்கள் இன்றும் முயன்று வருகிறார்கள்.