பாயிண்ட்ஸ்ல ஃப்ளைட் டிக்கெட்: எந்த ஊர் வழியா போறதுன்னு முடிவு பண்றது எப்படி?

 எங்க ஆபீஸ்ல வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் 2022 ஜனவரியில் லேப்டாப்போட என் டேபிளுக்கு வந்தார். அவருடைய அக்கா நியூஜெர்சியில் இருக்காங்க. பிப்ரவரி கடைசியில் பிரசவம். மதுரையில் இருக்கிற அம்மாவை அதுக்கு முன்னாடி அனுப்பி வைக்கணும். மூணு வருஷமா கிரெடிட் கார்டுல சேர்த்த ரிவார்டு பாயிண்ட்ஸ் அவர்கிட்ட இருக்கு. "சார், துபாய் வழியா ரெண்டு டிக்கெட்டா எடுத்தா 20,000 பாயிண்ட் மிச்சமாகுது. புக் பண்ணிடவா?" என்று கேட்டார்.

பண்ணாதீங்கன்னு சொன்னேன். ஏன்னு விளக்க அரை மணி நேரம் ஆச்சு. அந்த அரை மணி நேரம்தான் இந்தக் கட்டுரை. இதில் சொல்லும் விதிகள் எல்லாம் 2022 ஜனவரி 20 நிலவரம். நீங்க புக் பண்ணும் நாளில் திரும்பவும் ஒருமுறை சரிபாருங்க.

விமானம் மாறுற ஊரும் ஒரு எல்லைதான்

கொரோனாவுக்கு முன்னாடி, நடுவில் விமானம் மாறுற ஊரைப் பற்றி நாம் யோசிச்சது ரெண்டே விஷயம்: எத்தனை மணி நேரம் காத்திருக்கணும், சாப்பாடு கிடைக்குமா. 2022 ஜனவரியில் அந்த ஊருக்கும் தனி விதிமுறை இருந்தது. அது எப்ப வேணா மாறலாம்ங்கிற நிலை. மூணு உதாரணம் பாருங்க.

ஒன்று, 2021 ஏப்ரல் 24 இரவிலிருந்து இந்தியாவிலிருந்து வரும் பயணிகளுக்கு ஐக்கிய அரபு அமீரகம் கதவை மூடியது. துபாயில் இறங்காமல் விமானம் மட்டும் மாறிப் போறவங்களும் அதில் அடக்கம்.

ரெண்டு, கனடா 2021 ஏப்ரல் 22 முதல் செப்டம்பர் 26 வரை இந்தியாவிலிருந்து நேரடி விமானங்களை நிறுத்தியது. வேறு நாடு வழியா வரலாம், ஆனா கோவிட் டெஸ்ட்டை இந்தியாவில் எடுத்தால் செல்லாது, நடுவில் இருக்கும் மூன்றாவது நாட்டில்தான் எடுக்கணும். வகுப்பு தொடங்கும் நேரத்தில் எத்தனையோ மாணவர்கள் இதில் மாட்டினாங்க.

மூணு, 2022 ஜனவரியில் நடந்தது. ஜனவரி 14 அன்று ஹாங்காங் ஒரு அறிவிப்பு விட்டது. 16-ஆம் தேதியிலிருந்து சுமார் 150 நாடுகளிலிருந்து வர்றவங்க அங்கே விமானம்கூட மாற முடியாதுன்னு சொன்னது. ரெண்டே நாள் அவகாசம்.

ஆக, உங்க டிக்கெட்டில் எத்தனை நாடு இருக்கோ அத்தனை விதிப்புத்தகம். அதில் ஏதாவது ஒண்ணு மாறினாலும் பயணம் நிற்கலாம்.

ஒரே டிக்கெட்டா, ரெண்டு டிக்கெட்டா?

இதுதான் முக்கியமான கேள்வி. தம்பி முன்னாடி இருந்த ரெண்டு வழி இதுதான்.

வழி 1: சென்னை – லண்டன் – நியூயார்க். ஒரே பிஎன்ஆர். 60,000 பாயிண்ட், மேலே வரி, கட்டணம் ₹15,000.

வழி 2: சென்னை – துபாய் ஒரு டிக்கெட், துபாய் – நியூயார்க் தனி டிக்கெட். மொத்தம் 40,000 பாயிண்ட், மேலே ₹10,000.

(புரியறதுக்காக எண்களை முழுமையாக்கி இருக்கேன்.)

ஒரே பிஎன்ஆர்-னா பெட்டி நேரா நியூயார்க் போயிடும். அம்மா லண்டனில் இமிக்ரேஷன் தாண்டாம அடுத்த விமானம் ஏறலாம். முதல் விமானம் தாமதமாகி ரெண்டாவதைத் தவறவிட்டா, அடுத்த விமானத்தில் ஏற்றி விடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு.

ரெண்டு டிக்கெட்னா கதை வேற. பெரும்பாலும் துபாயில் பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் பண்ணணும். அதாவது அம்மா துபாய்க்குள் நுழையும் பயணி ஆயிடறாங்க. துபாயின் நுழைவு விதி முழுசா பொருந்தும். 2022 ஜனவரியில் இந்தியாவிலிருந்து போறவங்களுக்கு அது 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர், அது போக ஏறும் விமான நிலையத்தில் 6 மணி நேரத்துக்குள் ஒரு ரேபிட் பிசிஆர்னு இருந்தது. முதல் விமானம் தாமதமானா ரெண்டாவது நிறுவனத்துக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. வராத பயணின்னு குறிச்சுட்டுப் போயிடுவாங்க.

டெஸ்ட் எந்த ஊரில்?

2021 டிசம்பர் 6 முதல், அமெரிக்காவுக்கு விமானம் ஏறுபவர்கள் புறப்படும் நாளுக்கு முந்தைய நாளோ அன்றோ எடுத்த நெகட்டிவ் ரிசல்ட் காட்ட வேண்டியிருந்தது. எந்த விமானம் புறப்படும் நாள்? இங்கேதான் பாயிண்ட்ஸ் போட்டவங்க கோட்டை விட்டாங்க.

எல்லாம் ஒரே பிஎன்ஆர்-ல இருந்து, நடுவில் காத்திருப்பு ஒவ்வொன்றும் 24 மணி நேரத்தைத் தாண்டாம இருந்தா, முதல் விமானத்தின் புறப்பாட்டை வைத்துக் கணக்கு போட்டாங்க. சென்னையில் எடுத்த டெஸ்ட் போதுமா இருந்தது. தனித்தனி டிக்கெட்னாலோ, காத்திருப்பு 24 மணி நேரத்தைத் தாண்டினாலோ, அமெரிக்காவில் இறங்கப் போகும் விமானத்தின் புறப்பாட்டை வைத்துக் கணக்கு போட்டாங்க.

தம்பியின் திட்டம்: பிப்ரவரி 9 இரவு சென்னையில் ஏறி, 10 அதிகாலை துபாய், 11 காலை நியூயார்க் விமானம். தாமதம் ஆனாலும் சமாளிக்கலாம்னு ஒரு நாள் இடைவெளி விட்டிருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனா அந்த இடைவெளியால் சென்னையில் 9-ஆம் தேதி எடுத்த டெஸ்ட் அமெரிக்காவுக்குச் செல்லாது. 10 அல்லது 11-ஆம் தேதி துபாயில் இன்னொன்று எடுக்கணும். இடைவெளியைக் குறைச்சு 10 காலை விமானமே போட்டா சென்னை டெஸ்ட் செல்லும், ஆனா முதல் விமானம் நாலு மணி நேரம் தாமதமானா ரெண்டாவது டிக்கெட் போச்சு.

இப்போ பணத்தை விட்டுட்டு ஒரு கேள்வி. துபாயில் எடுக்கிற டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்தா? சென்னையில் பாசிட்டிவ் வந்தா அம்மா வீட்டுக்குத் திரும்பி, பையன் வைக்கிற ரசத்தைக் குடிச்சுட்டு ஓய்வெடுப்பாங்க. துபாயில் வந்தா, இதுவரைக்கும் தனியா விமானம் ஏறாத ஒரு அம்மா, தெரிஞ்சவங்க யாரும் இல்லாத ஊரில் தனிமைப்படுத்தலில் இருக்கணும். இதைக் கேட்டதும் தம்பி லேப்டாப்பை மூடிட்டார்.

சரி, கணக்கையும் பார்த்துடலாம்

உணர்ச்சியை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். நம்ம வழக்கப்படி எண்ணில் பார்ப்போம்.

முதல்ல ஒரு பாயிண்ட்டின் மதிப்பு. வழி 1 டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கினா ₹51,000 என்று வையுங்க. பாயிண்ட்ஸ்ல எடுத்தாலும் ₹15,000 கட்டுறோம். மிச்சமாவது ₹36,000. அதை 60,000-ஆல் வகுத்தா ஒரு பாயிண்ட் 60 பைசா.

வழி 2-ல் மிச்சம்: 20,000 பாயிண்ட் × 60 பைசா = ₹12,000. வரியில் ₹5,000. மொத்தம் ₹17,000.

வழி 2-ல் நிச்சயமா வரும் கூடுதல் செலவு: அதிகப்படி டெஸ்ட்கள், துபாயில் ஒரு இரவு தங்கல். உத்தேசமா ₹9,000. ஆக உண்மையான மிச்சம் ₹8,000.

வழி 2 உடைஞ்சா? துபாயிலிருந்து கடைசி நேர டிக்கெட் ₹70,000, கூடுதல் தங்கல், டெஸ்ட் ₹10,000. மொத்தம் ₹80,000.

8,000-ஐ 80,000-ஆல் வகுத்தா 10 சதவீதம். அதாவது பத்துக்கு ஒரு தடவைக்கு மேல் இந்த வழி உடைய வாய்ப்பு இருக்குன்னு நீங்க நினைச்சா, மலிவா தெரியும் டிக்கெட்தான் விலை அதிகமான டிக்கெட். 2022 ஜனவரியில் அந்த வாய்ப்பு பத்துக்கு ஒண்ணுக்குக் குறைவுன்னு என்னால் சொல்ல முடியலை.

வழி 1-க்கு அதிகமா போகும் 20,000 பாயிண்ட்டை வீண் செலவா பார்க்காதீங்க. டேர்ம் இன்ஷூரன்ஸுக்கு பிரீமியம் கட்டுற மாதிரி பாருங்க.

புக் பண்றதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியவை

1. ஏர் பபிள். 2020 மார்ச் 23 முதல் இந்தியாவில் வழக்கமான சர்வதேச விமானங்கள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. 2022 ஜனவரியில் அந்தத் தடை பிப்ரவரி 28 வரை நீட்டிக்கப்பட்டது. அப்போ பறந்ததெல்லாம் நாடுகளுக்கு இடையிலான ஏர் பபிள் ஒப்பந்தத்தில். சில ஒப்பந்தங்கள் அந்த நாட்டுக்கு மட்டும் போறவங்களுக்கானவையா இருந்தன, சில அதைத் தாண்டியும் போக அனுமதித்தன. வெப்சைட்டில் சீட் காட்டுதுங்கிறதால ஏற விடுவாங்கன்னு அர்த்தமில்லை.

2. டிரான்சிட் விசா. இந்திய பாஸ்போர்ட்டுக்கு லண்டன் போன்ற இடங்களில் விமானம் மாறவே டிரான்சிட் விசா கேட்பாங்க. செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு இருக்கு. தம்பியின் அம்மாவுக்கு அது இருந்ததால் தப்பிச்சோம்.

3. பாயிண்ட்டை மாற்றும் நேரம். கார்டு பாயிண்ட்டை விமான நிறுவனத்தின் மைல்ஸா மாற்றிட்டா திரும்ப வராது. அது ஒருவழிப் பாதை. சீட் இருக்கா, விதி அனுமதிக்குதா, ரத்து பண்ணா மைல்ஸ் திரும்புமா, அதுக்கு என்ன கட்டணம் – இதெல்லாம் பார்த்த பிறகு, கடைசி வேலையா மாற்றுங்க.

4. யார் ரத்து பண்ணினாங்க? விமானத்தை நிறுவனம் ரத்து பண்ணினா உங்களுக்கு உரிமை இருக்கு. விமானம் பறக்குது, ஆனா விதி மாறினதால் உங்களால் ஏற முடியலைன்னா, கணக்கில் நீங்கதான் பயணிக்காதவர். ரெண்டும் ஒண்ணு இல்லை. விமானம் ரத்தாகும்னு தோணினா அவசரப்பட்டு நீங்களே முதலில் கேன்சல் பண்ணிடாதீங்க. கட்டணமில்லாமல் ரத்து பண்ணக் கடைசி நாள் எதுன்னு பார்த்து, அதுவரை பொறுங்க.

5. வரியைக் கேட்டு வாங்குங்க. இந்திய விமான நிறுவனங்களுக்கு டிஜிசிஏ விதி தெளிவா இருக்கு. டிக்கெட்டை ரத்து பண்ணினாலும், பயணம் பண்ணாம விட்டாலும், அரசு வரிகளையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் திருப்பித் தரணும். எரிபொருள் சர்சார்ஜ் இதில் சேராது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அவங்க நாட்டு விதி.

6. பெயர். இது நம்ம ஊர்க்காரங்களுக்கே உரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசா இருக்கும், தடுப்பூசி சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், மைல்ஸ் கணக்கில் இன்னொரு மாதிரி இருக்கும். 2022-ல் கோவின் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணை இணைச்சு, பெயரைத் திருத்தி, முழுப் பிறந்த தேதியோட சான்றிதழை எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

7. செக்-இன் கவுண்டர். அங்கே இருப்பவர் பார்ப்பது ஐஏடிஏ நடத்தும் டைமேட்டிக் என்ற விதித் தொகுப்பை. ஆவணம் சரியில்லாத பயணியைக் கொண்டு போனா விமான நிறுவனத்துக்கு அபராதம், அதனால்தான் கறாரா இருக்காங்க. வாட்ஸ்அப்பில் வந்த தகவலைக் காட்டி வாதாடிப் பயனில்லை. எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து ஒரு ஃபைல்ல போட்டுக் கொடுங்க, குறிப்பா பெரியவங்க தனியா போறப்ப.

திரும்பி வரும்போது

போற வழியை மட்டும் பார்த்துட்டு நிறுத்திடாதீங்க. 2022 ஜனவரியில் இந்தியாவுக்கு வர்றவங்க ஏர் சுவிதா தளத்தில் விவரங்களும், பயணத்துக்கு 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் ரிசல்ட்டும் ஏற்ற வேண்டியிருந்தது. ஜனவரி 11 முதல் எல்லாருக்கும் ஏழு நாள் வீட்டுத் தனிமை, எட்டாம் நாள் டெஸ்ட்னு இருந்தது. பிரிட்டன் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் அப்போ 'ஆபத்து' பட்டியலில் இருந்தன. அங்கிருந்து வந்தா இறங்கும் விமான நிலையத்திலேயே டெஸ்ட் எடுத்து, ரிசல்ட் வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுக்கு அப்புறம்தான் அடுத்த விமானம். அதனால் சென்னையிலிருந்து மதுரைக்கு அதே நாளில் தனி டிக்கெட் போட்டு வைப்பது சரியா இருந்திருக்காது. வீட்டுத் தனிமை வேற இருந்தது, கார்தான் நல்லதா இருந்தது.

தம்பி வழி 1-ஐ புக் பண்ணிட்டார். பிப்ரவரி 9 இரவு அம்மா கிளம்பறதா இருந்தது. 8-ஆம் தேதி ராத்திரி எல்லா விதியையும் இன்னொரு தடவை உட்கார்ந்து பார்க்கிறதா பேசி வைத்திருந்தோம். நீங்களும் அந்தக் கடைசி நாள் சரிபார்ப்பை மறக்காதீங்க.

ஒரு பாயிண்ட்டுக்கு எத்தனை பைசான்னு உங்க கார்டுக்கு நீங்களே போட்டுப் பார்க்கும் முறையை அடுத்த வீடியோவில் செய்து காட்டுறேன். உங்க கார்டு ஸ்டேட்மென்ட்டைக் கையில் வைத்துக்கிட்டு பாருங்க.