குப்பையும் நகராட்சியும் – புதுவையை முன்வைத்து ஓர் ஆய்வு

‘குப்பை’ என்னும் தமிழ்ச்சொல் முதற்கண் குவியலையே குறித்தது. உப்புக் குவியலைச் சங்கப் புலவர் குப்பை என்றே வழங்கினர். நெற்குப்பை என்னும் ஊர்ப்பெயர் இன்றும் வாழ்கின்றது. ‘வயலுக்குக் குப்பை அடித்தல்’ என்று உழவர் கூறுங்கால் அவர் கருதுவது எருவையே. ஆகவே, குப்பை என்பது நம் முன்னோர்க்கு வீசியெறியும் பொருளன்று. சேர்த்து வைக்கும் பொருள். அப்பொருள் எங்ஙனம் ஊருக்குக் கேடு தருவதாயிற்று என்பதையும், அக்கேட்டைக் களைய நகராட்சி செய்யத்தக்கன யாவை என்பதையும் புதுவை நகரை முன்வைத்து ஈண்டு ஆராய்வோம்.

நிலமும் நீரும்

2011ஆம் ஆண்டின் மக்கட்தொகைக் கணக்குப்படி புதுச்சேரி நகராட்சியில் ஏறத்தாழ 2,44,000 மக்களும், உழவர்கரை நகராட்சியில் ஏறத்தாழ 3,00,000 மக்களும் வாழ்ந்தனர். ஒரு புறம் கடல். மறு புறங்களில் தமிழ்நாட்டு எல்லை. குப்பை கொட்டுவதற்கென்று புதிது புதிதாக நிலம் தேட இங்கு இடமில்லை. குரும்பாபேட் கிடங்கில் பல்லாண்டுகளாகக் குவிந்த பழங்குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பணியைப் பெருஞ்செலவில் மேற்கொள்ள நேர்ந்தது. ஒருமுறை பிரித்தால் முடிந்திருக்கும் வேலையைக் கலந்து கொட்டியபின் மீண்டும் செய்வதாயிற்று.

இதனினும் பெரிய கவலை நீரைப் பற்றியது. புதுவை குடிப்பது நிலத்தடி நீர். முத்திரையர்பாளையத்து நீர் நகருக்கு வந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்ததே பாரதி பூங்காவிலுள்ள ஆயி மண்டபம். நீருக்கு மண்டபம் எழுப்பிய ஊர் இது. மட்கும் கழிவும் மின்கலமும் மருந்தும் ஒன்றாய்க் கிடந்து அழுகுங்கால் அவற்றினின்று கசியும் கருநீர் மண்ணில் இறங்கும். காற்றுப் புகாது அழுகும் குவியலில் மீத்தேன் வாயு உண்டாகித் தீப்பற்றுதற்கும் ஏதுவாகும். நாம் இன்று தெருமுனையில் எறிவது, நாளை நம் பிள்ளைகளின் குவளைக்குத் திரும்பக்கூடும்.

பாரிசு நகரின் பாடம்

பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்குப் ‘பூபெல்’ என்று பெயர். புதுவைப் பெரியோர் பலரும் அறிந்த சொல் இது. எனினும், அது ஓர் ஆட்சியாளரின் பெயர் என்பதைப் பலர் அறியார். பாரிசுப் பகுதியின் நிருவாகியாயிருந்த எழேன் பூபெல், 1883 நவம்பரில் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு வீட்டுக்காரரும் மூடியுள்ள தொட்டி வைத்தல் வேண்டும். மட்குவன ஒன்றில், தாளும் கந்தையும் ஒன்றில், கண்ணாடியும் ஓடும் சிப்பியும் ஒன்றில் இடுதல் வேண்டும் என்பது அவ்வாணை. தொட்டி நிலைத்தது, பிரித்திடும் வழக்கம் நிலைக்கவில்லை. தெருக்குப்பையில் கந்தை பொறுக்கி வாழ்ந்த எளியோர் தம் பிழைப்புப் போயிற்றென்று எதிர்த்தெழுந்தனர். ஆணை மட்டும் போதாது. அதனால் வாழ்வு இழப்போரையும் உடன்கொண்டு செல்லுதல் வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

இந்திய நகரங்களின் பட்டறிவு

அப்பாடத்தைப் புனே நகரம் கற்றது. அங்குக் குப்பை பொறுக்குவோர் 1993இல் தொழிற்சங்கம் அமைத்தனர். பின்னர் அவர்தம் கூட்டுறவு அமைப்பாகிய ‘ஸ்வச்’ நகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. அவர்கள் வீடுதோறும் சென்று கழிவைப் பெறுகின்றனர். வீட்டார் சிறு கட்டணம் தருகின்றனர். உலர்கழிவை விற்ற பணம் உழைத்தவர்க்கே உரியது.

கேரளத்து ஆலப்புழையில் வேறொரு நிலை. 2012இல் சர்வோதயபுரத்து மக்கள் தம் ஊருக்கு வந்த குப்பை வண்டிகளை மறித்தனர். கொட்ட இடமிழந்த நகராட்சி, வீடுதோறும் சாண எரிவாயுக் கலன் போன்ற சிறு கலன்களையும், தெருக்களில் காற்றோட்டமுள்ள உரத் தொட்டிகளையும் அமைத்தது. 2017இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு அந்நகரை எடுத்துக்காட்டாகப் போற்றியது. அங்கு ஓர் ஊரின் துயரம் கண்டபின் பிறந்த அறிவு, இங்கு முன்னரே பிறத்தல் நன்று.

நகராட்சி செய்யத்தக்கன

முதலாவது, வண்டியில் தனித்தனி அறைகள் வேண்டும். வீட்டார் பிரித்துத் தந்ததை அவர் கண்முன்னரே ஒன்றாய்க் கொட்டினால், மறுநாள் எவரும் பிரித்துத் தாரார்.

இரண்டாவது, ஒப்பந்தக்காரர்க்கு எடைக்கணக்கில் மட்டும் ஊதியம் தரும் முறையை மாற்றுதல் வேண்டும். கிடங்கிற்குச் செல்லும் ஒவ்வொரு டன்னுக்கும் பணம் என்றால், கிடங்கை நிரப்புவதே ஆதாயமாகும். பிரித்து மீட்ட அளவிற்கும் ஊதியம் தருதல் முறையாகும்.

மூன்றாவது, நம் நாட்டு நகரக் கழிவில் ஏறத்தாழ பாதி மட்கக்கூடியது. பெரிய மார்க்கெட்டின் காய்கறி, பூ, வாழைக் கழிவுகளை அந்தந்த வட்டாரத்திலேயே உரமாக்கலாம். அவ்வுரத்தைச் சுற்றுப்புற உழவர் பெறுவாராயின், ‘குப்பை அடித்தல்’ என்னும் சொல் பழம்பொருளை மீண்டும் பெறும்.

நான்காவது, நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு தரும் விடுதிகளும் நிறுவனங்களும் தம் கழிவுக்குத் தாமே பொறுப்பாதல் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மைய அரசு விதிகள் வரையறுத்தன. சுற்றுலாவால் வாழும் நகரில் இந்நெறி கண்டிப்புடன் நடைமுறையாதல் இன்றியமையாதது.

ஐந்தாவது, பழைய தாள் வாங்குவோரையும் காயலாங்கடையினரையும் குப்பை பொறுக்குவோரையும் நகராட்சி தன் துணைவராக ஏற்று, அடையாள அட்டையும் கையுறையும் பிரிப்பதற்கு நிழலுள்ள இடமும் தருதல் வேண்டும். காயலாங்கடை என்னும் பெயர் காயல்பட்டினத்து வணிகரால் வந்தது என்பர். மறுசுழற்சி நமக்குப் புதியதன்று என்பதற்கு அச்சொல்லே சான்று.

நம் கடன்

நகராட்சியின் முயற்சி வீட்டு வாயிலில் தொடங்குகின்றது. முன்பு நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குப் பாத்திரத்துடன் சென்றோம். இன்று நெகிழிப் பையைக் கையில் ஏந்துகின்றோம். திருமண விருந்திலும் நெகிழிக் குவளை வந்துவிட்டது. சமுதாயப் பெரியோர் தம் இல்ல விழாக்களில் கழுவிப் புழங்கும் குவளைகளை வைப்பாராயின், பிறர் தாமே பின்பற்றுவர். மாணவர்கள் கல்லூரி விடுதியிலும் உணவகத்திலும் ஒரு திங்கள் கழிவை வகை பிரித்து எடையிட்டுக் கணக்கெழுதுவாராக. எத்தனை கிலோ உரமாகும், எத்தனை கிலோ விலைபோகும், எத்தனை கிலோ கிடங்கிற்கு எஞ்சும் என்பது அப்போது விளங்கும். அக்கணக்கு நம் கையில் இருக்குமாயின், நகராட்சியிடம் நாம் வைக்கும் வேண்டுகோளுக்கும் வலிமை உண்டாகும்.